சங்கிலியைப் பிடித்தால் எடை குறையுமா?

கடந்த செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, அரக்கோணம் சாலையில் உள்ள ஓர் இருசக்கர வாகனப் பட்டறையில், சங்கிலியில் கட்டிய பலகை ஒன்றின் மீது நான் கால் தரையில் படாமல் தொங்கிக்கொண்டிருந்தேன்.

துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். இயற்பியலில் இளங்கலைப் பட்டம், அதுவும் முதல் வகுப்பில். இந்தப் பத்தியை வாரந்தோறும் வாசிப்பவர்களுக்கு என்னைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கும். அதைக் காப்பாற்றிக்கொள்ள விரும்பி, பட்டறை உரிமையாளர் பாஷாவிடம் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுமாறு கேட்டுக்கொண்டேன்.

"எறக்கினா இருட்டாயிடும் சார். அப்புறம் தராசுல நம்பர் தெரியாது" என்றார்.

நியாயமான பதில். ஷட்டர் திறந்தே இருந்தது. எதிர் டீக்கடையில் நின்றிருந்த மூன்று பேர் கண்ணாடி கிளாஸ்களோடு சாலையைக் கடந்து வந்து, வாசலில் நின்று பார்த்தார்கள்.

ஒரு மனிதன் எழுபத்து இரண்டாவது வயதில் இப்படித் தொங்குவதற்குக் காரணம் வேண்டாமா? இருக்கிறது. காரணம் நான் சொன்ன ஒரே ஒரு வாக்கியம்.

என்னோடு அலுவலகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய நண்பர் ஒருவர் இப்போது இல்லை. அவருடைய மனைவி ராஜம்மா கே.ஜி.கண்டிகையில் மகன் சுரேஷுடன் வசிக்கிறார். சுரேஷின் மனைவி தேவகி. அவர்களுக்கு ஒன்றரை வயதில் ஓர் ஆண் குழந்தை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை அது. பிறந்ததும் பதினொரு நாள் மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அந்த நாள்களில் ஒன்றில்தான் தேவகி வேண்டிக்கொண்டாள் — பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தால், அவன் எடைக்கு எடை வெல்லம் மலைமேல் முருகனுக்குத் துலாபாரம் கொடுப்பதாக.

சென்ற மாதம் அந்த வேண்டுதலை நிறைவேற்றினார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள், போயிருந்தேன்.

துலாபாரத் தராசைப் பார்த்திருப்பீர்கள். மேலே நீண்ட இரும்புக் கோல். இரு பக்கமும் நான்கு நான்கு சங்கிலிகளில் தொங்கும் தட்டுகள். குழந்தையை ஒரு தட்டில் உட்கார வைத்தவுடன் அது அலறத் தொடங்கியது. தட்டு ஆடியது. தேவகி குனிந்து, பக்கத்தில் இருந்த சங்கிலியை அதன் கையில் கொடுத்து, "இத்த கெட்டியா புடிச்சிக்கோ நைனா" என்றாள். குழந்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டது. அழுகை நின்றது. மறு தட்டில் அச்சு வெல்லத்தை அடுக்கினார்கள். கோல் சமமாயிற்று. கற்பூரம் காட்டினார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

படியிறங்கும்போது சுரேஷிடம் சொன்னேன்: "குழந்தை சங்கிலியைப் புடிச்சிருந்தானே, கவனிச்சியா? அவன் எடையில ஒரு பங்கைச் சங்கிலி தாங்கிடுச்சு. தட்டுக்கு வந்தது மிச்சம்தான். ஃபிசிக்ஸ் படி பாத்தா வெல்லம் கொறைவு."

"அப்டிங்களா மாமா" என்றான். நானும் மறந்துவிட்டேன்.

மறக்க முடிந்தது எனக்குத்தான். பத்து நாள் கழித்து மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த சுரேஷைப் பார்த்தேன். குழந்தையின் நலம் விசாரித்தேன்.

"அவனுக்கு இன்னா மாமா, நல்லாத்தான் கீறான். பல்லு மொளைக்கற காய்ச்சல் ரெண்டு நாள் இருந்துச்சு. ஆனா வீட்ல தான் பேச்சு வார்த்தை சரியில்ல."

"ஏன்?"

அவன் கத்திரிக்காயைப் பார்த்தபடியே சொன்னான். "நீங்க சொன்னத வந்து வீட்ல சொல்லிட்டேன். வேண்டுதல்ல கொறை வெச்சதாலதான் காய்ச்சல் வந்துச்சுன்னு அம்மா சொல்றாங்க. சங்கிலிய அவன் கையில குடுத்தது தேவகிதானே. அவ ஒண்ணும் பதில் பேசல. ராத்திரி சோத்த வுட்டுட்டா. கொறைய தீத்துட்டுதான் சாப்புடுவேன்னு ஒரே புடிவாதம்."

"எத்தனை நாளா?"

"ஆச்சு, ஒரு வாரம். எவ்ளோ கொறைஞ்சிதுன்னு நீங்க கணக்கு போட்டு சொன்னீங்கன்னா, அந்த அளவுக்கு வெல்லம் குடுத்துட்டு வந்துடுவோம் மாமா."

ஒப்புக்கொண்டேன். அன்று மாலைக்குள் சொல்கிறேன் என்றேன். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று ஒரு பெண் கொடுத்த வாக்கு. அதில் எத்தனை கிராம் பாக்கி என்று கேட்கிறார்கள். சொல்ல வேண்டியது என் கடமை அல்லவா?

வீட்டுக்கு வந்து தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தட்டை வரைந்தேன், குழந்தையை வரைந்தேன். குழந்தையின் எடை கீழ்நோக்கி ஓர் அம்பு. கைகள் சங்கிலியைக் கீழே இழுக்கின்றன. எனவே சங்கிலி குழந்தையை மேலே இழுக்கிறது. அந்த அளவுக்குத் தட்டின் மீது அழுத்தம் குறைகிறது. இதுவரை நான் சுரேஷிடம் சொன்னதுதான். சரியாகவே வந்தது.

ஆனால் அந்தச் சங்கிலி எங்கே கட்டப்பட்டிருக்கிறது?

அதே தட்டைத் தாங்கும் அதே கொக்கியில். தட்டுக்குக் குறைந்தது சங்கிலிக்குக் கூடிவிட்டது. இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்று. கொக்கிக்கு வரும் மொத்தப் பாரத்தில் என்ன மாறியிருக்கிறது?

கூட்டிப் பார்த்தேன். பூஜ்யம். தாளைத் திருப்பி மறுபடி வரைந்தேன். பூஜ்யம். குழந்தை முழு பலத்தோடு இழுத்தால்? பூஜ்யம். தட்டிலிருந்து எழுந்து சங்கிலியிலேயே தொங்கினால்? அப்போதும் பூஜ்யம்.

எனக்கு வியர்த்தது. வெயில் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் திருப்பதி போகும் பேருந்து ஒன்று வழியில் நின்றுவிட்டது. தள்ளுவதற்காக ஆண்களை எல்லாம் இறங்கச் சொன்னார் நடத்துநர். இறங்கினோம், தள்ளினோம், கிளம்பியது. ஏன் இறங்கச் சொன்னார்? உட்கார்ந்த இடத்திலிருந்தே அவரவர் முன்சீட்டைத் தள்ளியிருக்கலாமே? ஐம்பது பேர் முன்சீட்டைத் தள்ளினாலும் பேருந்து ஓர் அங்குலம் நகராது என்பது அந்த நடத்துநருக்குத் தெரியும். உள்ளே இருப்பவன் உள்ளேயே தள்ளினால் வெளியே ஒன்றும் நடக்காது. தட்டுக்குள் இருப்பவன் தட்டின் சங்கிலியைப் பிடித்தாலும் அப்படித்தான். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

கல்லூரியில் எங்கள் பாடநூலில் ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் இரு வகைக் கேள்விகள் இருக்கும். ஒரு வகையில் எண்கள் இருக்கும். சூத்திரத்தில் போட்டால் விடை வரும். மற்றொரு வகையில் எண்களே இருக்காது. லிஃப்டில் நிற்பவன் கைப்பையைக் கீழே வைத்தால் லிஃப்டின் கயிற்றுக்குப் பாரம் குறையுமா, ஏன்? — இந்த மாதிரி. "பரீட்சைக்கு வராது" என்று எங்கள் விரிவுரையாளர் அவற்றின் மீது குறுக்குக் கோடு போடச் சொன்னார். ஸ்கேல் வைத்து நேராகப் போட்டேன். முதல் வகுப்பில் தேறினேன்.

அந்தக் கோடுகளுக்கு அடியில் இருந்தது இந்தக் கேள்விதான்.

இருந்தாலும் தாளை நம்பி மட்டும் ராஜம்மாவின் வீட்டுக்குப் போக எனக்குத் துணிவு இல்லை. ஒரு முறை தவறாகச் சொல்லி ஒரு வீட்டின் நிம்மதியைக் கெடுத்தாயிற்று. இரண்டாம் முறை சொல்வதைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்வதே முறை. அன்று மாலை சுரேஷுக்குப் போன் செய்து, ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

பாஷாவின் பட்டறையில் எஞ்சினைத் தூக்குவதற்கு உத்திரத்தில் செயின் பிளாக் உண்டு. பழைய இரும்புக் கடையிலிருந்து, கொக்கியில் மாட்டும் எலக்ட்ரானிக் தராசு ஒன்றை அவரே வாங்கி வந்தார். தராசுக்குக் கீழே சங்கிலி, சங்கிலியில் பலகை, பலகையில் நான்.

"அறுவத்தி எட்டு, எரநூறு" என்று பாஷா படித்தார். "இப்ப சங்கிலியப் புடிங்க சார்."

பிடித்தேன்.

"அறுவத்தி எட்டு, எரநூறு. நல்லா தம் கட்டி இழுங்க."

இழுத்தேன். இழுத்த கணத்தில் எண்கள் குதித்தன. பிறகு அதே இடத்தில் வந்து நின்றன. பலகையிலிருந்து உடம்பு மேலே எழும் அளவுக்கு இழுத்துப் பிடித்தேன். அறுபத்து எட்டு, இருநூறு.

வாசலில் இருந்த மூவரில் ஒருவர், "இன்னா பாய், சாரை எடைக்குப் போடப் போறியா?" என்றார்.

"நீ பாட்டுக்கு டீயக் குடி நைனா" என்றார் பாஷா. பிறகு என்னிடம், "சார், கை எட்டுதா பாருங்க. அந்தத் தூணு மேல லேசா கைய வைங்க."

பக்கத்தில் இருந்த இரும்புத் தூணின் குறுக்குச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்தேன், சற்றே ஊன்றினேன். அறுபத்து எட்டு அறுபத்து ஒன்றாயிற்று. அதே சட்டத்தை அடியிலிருந்து மேலே தள்ளினேன். எழுபத்து மூன்று. ஊன்றினேன், குறைந்தது. தள்ளினேன், கூடியது. இத்தனைக்கும் நான் ஒன்றும் பெரிய பலம் கொடுக்கவில்லை.

மறைப்பானேன்... டீக்கடைக்காரர்கள் நிற்பதை நான் மறந்துவிட்டேன். பாஷா போதும் என்று சொல்லும்வரை தூணை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"அவ்ளோதான் சார் விஷயம்" என்றார் அவர், என்னைக் கைகொடுத்து இறக்கியபடி. "உள்ள இருக்கறவன் இன்னா பண்ணாலும் ஒண்ணியும் ஆவாது. வெளிய இருக்கறத தொட்டா, இல்ல வெளிய இருந்து ஒருத்தன் தொட்டா, மாறிடும். அன்னைக்கு யாராச்சும் வெளிய இருந்து தொட்டாங்களா?"

"யாரும் தொடலை" என்றேன், உறுதியாக.

அன்று மாலையே கே.ஜி.கண்டிகைக்குப் பேருந்து ஏறினேன். என்ன சொல்வது என்பதை வழியிலேயே வாக்கியமாக அமைத்துக்கொண்டேன். முன்பு தெரிவித்த கருத்து, கூடுதல் ஆய்வின் பேரில் திருத்தம் செய்யப்படுகிறது. கௌரவமான வாக்கியம். அலுவலகத்தில் அதைப் போல நூறு எழுதியிருக்கிறேன்.

ராஜம்மா நாற்காலி போட்டார். தேவகி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். முகம் வாடியிருந்தது. சுரேஷ் சுவரோரம் நின்றான். என் வாக்கியத்தைச் சொன்னேன். சங்கிலி, கொக்கி, பூஜ்யம், வெளியிலிருந்து தொட்டால் மட்டுமே மாறும் என்பது, எல்லாவற்றையும் விளக்கினேன்.

ராஜம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ நீங்க அன்னைக்கு சொன்னது தப்பாண்ணா?" என்றார்.

"தப்புன்னு இல்ல. முழுமையா யோசிக்காம—"

"தப்பா, இல்லியா?"

எனக்குத் தெரிந்த திருத்தச் சொற்கள் எதுவும் அந்த இடத்தில் உதவவில்லை.

"தப்புதான்மா" என்றேன். "சங்கிலியைக் குழந்தை கையில் கொடுத்ததால ஒரு கிராம்கூடக் கொறையல. தேவகி மேல எந்தப் பிழையும் இல்ல."

ராஜம்மா மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா? போயி சோறு துன்னு, போ."

தேவகி நகரவில்லை. "மாமா, வெளிய இருந்து யாரனா தொட்டா மாறிடும்னு சொன்னீங்களே?"

"ஆமா. மாறும்."

"நீங்க தொட்டுகினு இருந்தீங்களே."

"நானா?"

"தட்டு ஆடுதுன்னு வெளிம்ப புடிச்சிகினு நின்னீங்க மாமா. எங்க அண்ணன் வீடியோ எடுத்துச்சே, அதுல கீது."

இல்லை என்றேன். அப்படி நினைவே இல்லை. அவள் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, போனை எடுத்து வந்து என் முன் நீட்டினாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். குழந்தை சங்கிலியைப் பிடித்திருக்கிறது. வெல்லம் ஏறுகிறது. தட்டின் விளிம்பில் ஒரு கை. வெள்ளை அரைக்கைச் சட்டை, என் கைக்கடிகாரம். வெல்லத்தின் கடைசி அச்சு வைத்துக் கோல் சமமாகும்வரை அந்தக் கை அங்கேயே இருக்கிறது. ஊருக்கே தெரியும்படி அதிகாரமாகத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்!

வெளியிலிருந்து தொட்ட ஒரே ஆள் நான்.

"இதுல ஒண்ணு சொல்லுங்க மாமா" என்றாள் தேவகி. குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "நீங்க தட்டை தூக்கிப் புடிச்சீங்களா, அமுத்திப் புடிச்சீங்களா?"

யோசித்துப் பாருங்கள். தூக்கியிருந்தால் குழந்தையின் எடை குறைவாகக் காட்டியிருக்கும். வேண்டுதலில் குறை இருப்பது உண்மையாகிவிடும். அழுத்தியிருந்தால் அதிகம் காட்டியிருக்கும். வெறுமனே பக்கவாட்டில் பிடித்திருந்தால் ஒன்றுமில்லை. பக்கவாட்டில்தான் பிடித்தேன் என்று நான் சொன்னால் அந்த வீட்டில் யார் மறுப்பார்கள்? என் பெயரும் கெடாது, தேவகியும் சாப்பிடுவாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தெரியாது" என்றேன்.

அந்தச் சொல்லை நான் எப்போதாவது பிறர் முன்னால் சொல்லியிருக்கிறேனா? நினைவில்லை. சுரேஷ் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

தேவகி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, "நீங்க கைய எடுத்தீங்க இல்ல? எடுத்தப்போ தட்டு இன்னா பண்ணிச்சின்னு பாத்தா தெரிஞ்சிடும்ல?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன், அவளே தொடர்ந்தாள். "தூக்கிகினு இருந்தீங்கன்னா, வுட்டதும் எறங்கணும். அமுத்திகினு இருந்தீங்கன்னா, வுட்டதும் ஏறணும்."

தாளின் இரு பக்கமும் வரைந்தேன், பட்டறையில் தொங்கினேன். இந்த வழி எனக்குத் தோன்றவில்லை.

நான்கு பேரும் அந்தச் சிறிய திரையைச் சுற்றிக் குனிந்தோம். கற்பூரத் தட்டு வருகிறது. எல்லோருடைய கண்களும் சுடரின் மீது. நான் கையை எடுத்துக் கும்பிடுகிறேன். அடுத்த இரண்டு மூன்று விநாடிகள் குழந்தையை யாரும் தொடவில்லை. சுரேஷ் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறான். பிறகுதான் அவன் குனிந்து குழந்தையைத் தூக்குகிறான்.

அந்த இரண்டு மூன்று விநாடிகள்தான் கேள்வி. அவள் வேகத்தைக் குறைத்து மறுபடி ஓட்டினாள்.

என் கை விலகியது. குழந்தையோடு தட்டு மெல்ல மேலே ஏறியது. நான்கு விரற்கடை இருக்கும்.

"ஏறுது" என்றான் சுரேஷ்.

மனத்தில் மகிழ்ச்சிதான். ஆனால் அவசரப்பட்டு வாக்கியம் சொல்லிப் பட்டவன் நான். "தட்டு ஏற்கெனவே ஆடிக்கிட்டிருந்தது. அந்த ஆட்டத்திலேயே ஏறியிருக்கலாம். ஒரு தடவை பாத்து முடிவு பண்ணக் கூடாது" என்றேன்.

தேவகி மறுபடி ஓட்டிக் காட்டினாள். "ஆட்டம்னா ஏறிட்டு திரும்ப எறங்கணும் மாமா. பாருங்க, ஏறின எடத்துலயே நிக்குது. இவரு தூக்கற வரைக்கும் எறங்கவே இல்ல."

உண்மை. இறங்கவில்லை. என் கை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது; அழுத்தத்துக்கும் சேர்த்து மறு தட்டில் வெல்லம் ஏறியிருக்கிறது.

"அப்போ?" என்றார் ராஜம்மா.

"வெல்லம் கூடவே போயிருக்கு அத்தை" என்றாள் தேவகி. "இவன் எடை, அதுக்கு மேல மாமா கை எடை."

அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். குழந்தையை மாமியாரின் மடியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் ராஜம்மா எழுந்து போய், "கொழம்பு சுட வெக்காம துன்றியே" என்று அதட்டுவதும் கேட்டது.

கணக்கு தெரிந்தவனுக்கு விடை கிடைக்கிறது. கேட்கத் தெரிந்தவருக்குத்தான் விஷயம் புரிகிறது. பட்டப்படிப்பில் முதலாவதற்கு மட்டுமே மதிப்பெண் கொடுத்தார்கள். அது என் தவறல்ல. ஆனால் அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகள் எனக்கு அவகாசம் இருந்தது.

பேருந்துக்காகக் கிளம்பியபோது ராஜம்மா வாசல்வரை வந்தார்.

"வர்ற மாசம் கொழந்தைக்கு காது குத்தறோம். கண்டிப்பா வரணும்ணா."

"வரேன்மா."

"வந்து கைய கட்டிகினு நில்லுங்க."

நிற்பதாக அப்போது வாய்மொழியாகத் தெரிவித்தேன். எழுத்துமூலமான உறுதி இதுவே.